என் மாமனார் கேட்ட ரோடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை. சமைக்கத் தெரியுமா என்றுகூட விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டி, "நாலு வரி எழுதிக் காட்டு கண்ணு" என்றார். என்ன எழுதுவதென்று தெரியாமல் நான் அம்மாவைப் பார்த்தேன். அவரே சொல்லத் தொடங்கினார்: "பெறுநர், உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தர்மபுரி."

எழுதினேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் கொடுத்தார். கழுத்தில் சிலுவை டாலர் போட்டிருந்த அந்த நண்பரும் படித்துவிட்டுத் தலையாட்டினார். சம்பந்தம் அத்தோடு முடிவாகிவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் தீராத வழக்கு.

பாப்பாரப்பட்டியில் பஸ் போகிற தெருவில் எங்கள் வீடு. ஹாரன் சத்தத்தில் விழித்து, ஹாரன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். என் அப்பா அந்த எழுத்துச் சோதனையைத் தப்பாகப் புரிந்துகொண்டார். பெண்ணின் படிப்பை மதிக்கிற குடும்பம் என்று பூரித்துப்போனார். ஊருக்கு எப்படி வருவது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"இப்போதைக்கு அடிவாரம் வரைக்கும் பஸ்ஸுங்க. அதுக்கு மேல கணவாய்ல நடைதான். ரோடு வருது. அடுத்த தைக்கெல்லாம் வூட்டு வாசல்லயே பஸ் ஏறிக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த தை என்பதை அவர் முழு மனதோடு நம்பினார். அதற்கு முந்தைய தைகளையும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

கல்யாணம் பாப்பாரப்பட்டியில் நடந்தது. மறுநாள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். கட்டிலைக் கழற்றிக் கால் வேறு சட்டம் வேறாகத் தூக்கிவந்தார்கள். பாத்திரங்கள் தலைச்சுமையாக வந்தன. ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ மட்டும் முதல் ஏற்றத்திலேயே மறுத்துவிட்டது. அதைத் திருப்பி இறக்கி, அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினார்கள். ரோடு வருகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளும்படி மாமனார் கேட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். பன்னும் பிஸ்கட்டும் எறும்பு ஏறாமல் அதில்தான் இருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் என் பீரோ கண்ணாடியில்தான் தலை வாரினார்கள். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் வரிசையில் நின்று தலை வாரிக்கொள்வேன்.

எங்கள் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஓடை. வருடத்தில் பெரும்பகுதி வெறும் பாறையும் மணலும்தான். மழை பிடித்துவிட்டால் சில நாள் யாரையும் மதிக்காமல் ஓடும். அந்தத் தண்ணீர் எங்கெங்கோ சுற்றி ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரியில் சேருகிறது என்று மாமனார் பெருமையாகச் சொல்வார். எங்களைவிட எங்கள் ஊர்த் தண்ணீருக்குப் போக்குவரத்து வசதி அதிகம் என்பது என் கருத்து. ஒற்றையடிப் பாதை ஓடையை இங்கும் அங்கும் தாண்டித் தாண்டி ஏறும். இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிற்கும். பாதி ஏற்றத்தில், மலைகள் நெருங்கி வருகிற இடுக்கில், ஒரு புங்கமரம். சுமையோடு வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு வாங்குகிற இடம் அது. அங்கே முனியப்பனின் வேல் நட்டிருந்தது. வேலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் சிலுவையும் இருந்தது.

சிலுவை, பெண் பார்க்க வந்த அந்த நண்பர் நட்டது. எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் சில உண்டு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் ஊரே அவரை உபதேசியார் என்றுதான் கூப்பிடும். நான் அந்த ஊருக்குப் போவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில் அவர் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் படுக்கவைத்துக் கீழே தூக்கிப்போனார்கள். ஓடையில் தண்ணீர் வடியக் காத்திருந்தது அந்தப் புங்கமரத்தடியில்தான். அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. தூளியை அப்படியே மேலே திருப்பிக் கொண்டுவந்தார்கள். முன்கொம்பு பிடித்தவர் என் மாமனார்.

சில நாள் கழித்து, அந்த இடத்தில் ஒரு சிலுவை வைத்துக்கொள்ளட்டுமா, முனியப்பனுக்குக் கோபம் வருமா என்று உபதேசியார் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். மாமனார் சொன்ன பதில் ஊரில் எல்லாருக்கும் தெரியும். "அவனும் இத்தன வருசமா அந்தக் காட்டுல தனியாத்தான் நிக்கறான். பேச்சுத்துணையாச்சு, வையி."

மனு எழுதுவது அன்றிலிருந்து தொடங்கியது. திங்கட்கிழமை தோறும் தர்மபுரியில் கலெக்டர் மக்கள் குறை கேட்பார். இருவரும் இருட்டோடு கிளம்பி இறங்கிப் போய், மனு கொடுத்துவிட்டு, பொழுது சாய ஏறி வருவார்கள். மாமனாருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். உபதேசியார் எழுதுவார், ஆனால் எல்லா மனுவும் ஜெபம் மாதிரியே வந்தது. மன்றாடுகிறோம், இரங்கும் என்றெல்லாம் எழுதுவார். ஆகவே ஊருக்கு ஓர் எழுத்தர் தேவைப்பட்டது. அந்தப் பதவிக்கு என்னைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. மாமியார் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டு வேலை முழுக்க என்மேல். பிறகு அங்கன்வாடி வேலையும் கிடைத்தது. பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் மாமனார் தாளோடு நிற்பார். ஒருநாள் கணவரிடம், உங்களைக் கட்டிக்கொண்டேனா கலெக்டர் ஆபீஸைக் கட்டிக்கொண்டேனா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை தன் தலையில் விழாமல் நான் காப்பாற்றிவிட்டதாக நன்றி சொன்னார்.

பதில்கள் ஒழுங்காக வந்தன. மனு பரிசீலனையில் உள்ளது, தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது, வனத்துறை ஒப்புதல் எதிர்நோக்கப்படுகிறது. மாமனார் ஒவ்வொன்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ரோடே வந்துவிட்ட மாதிரி மடித்து வைப்பார். நடுநடுவே அளக்க ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் பாறையில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள். சில வருடம் கழித்து வேறு ஆட்கள் வந்து மஞ்சள் அடிப்பார்கள். ஒருமுறை மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கும் மஞ்சள் பட்டுவிட்டது. அந்த ஆடு போகிற வழிதான் அரசாங்கம் முடிவு செய்த வழி என்று ஊரில் கொஞ்ச நாள் பேச்சு.

அளக்க வந்தவர்களிடம் மாமனாருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ரோடு வளைந்து வளைந்து ஏறும் என்று அவர்கள் சொன்னதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மனுஷன் நேராக ஏறுகிற இடத்தில் ரோடு எதற்குச் சுற்ற வேண்டும் என்று கேட்டார். பஸ்ஸுக்கு முட்டி கிடையாது, மடக்கி ஏறாது என்று ஒரு சர்வேயர் பொறுமையாகச் சொன்னார். மாமனார் அன்றைக்குத் தலையாட்டினாலும், நீளம் கூடினால் யாருக்கோ ஆதாயம் என்ற சந்தேகத்தை விடவில்லை.

மனுக்களால் ஆகாத காரியம் ஒரு தேர்தலால் ஆனது. வாக்களித்ததால் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. மெஷின்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அந்தத் தேர்தலுக்கு முன்னால் சாவடியை நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பெரிய பதவி. நல்ல மனிதர். தொப்பை சிறியதுதான், ஆனால் ஷூ தவறானது. மேலே வந்து இளநீர் குடித்து, பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கும்போது ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. கூட வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினார்கள். கணவாயில் சிக்னல் ஏது.

ஊர் ஆட்கள் வேறு எதுவும் யோசிக்கவில்லை. மூங்கில் வந்தது, கம்பளி வந்தது. அதிகாரியைத் தூளியில் வைத்துத் தூக்கினார்கள். மாமனார் தூளிக்குப் பக்கத்திலேயே நடந்தார். அத்தனை வருடம் குறைதீர் நாளில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். இப்போது ஓர் அதிகாரி, எழுந்து போக வழியில்லாமல், அடிவாரம் வரைக்கும் அவருக்கென்று படுத்திருந்தார். நான் எழுதிய மனுக்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கன்வாடி அறிக்கையைக் கொடுக்க நானும் அன்று கீழே போக வேண்டியிருந்ததால் பின்னாலேயே நடந்து எல்லாவற்றையும் கேட்டேன். என் வாக்கியங்கள் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புங்கமரத்தடியில் தூளியை இறக்கிவைத்து ஆள் மாற்றினார்கள். அதிகாரி வேலையும் சிலுவையையும் பார்த்துவிட்டு, இது என்ன இரண்டும் சேர்ந்து என்று கேட்டார். கூடவே நடந்துவந்த உபதேசியார்தான் சொன்னார்.

"என் பொஞ்சாதிங்க. இதே மாதிரி தூளியில வந்தா. இதுக்கு மேல போவ முடியல."

மாமனார் மனுவை அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது அதிகாரி இருவரின் கையையும் பிடித்து, ரோடு வந்ததும் முதல் ஆளாகத் தானே வருவதாகச் சொன்னார். அவர் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் போவதற்குள் காகிதத்தை நகர்த்திவிட்டுத்தான் போயிருக்கிறார். அடுத்த வருடமே வனத்துறை ஒப்புதல் வந்தது. அதற்கடுத்து ஜேசிபி வந்தது. வனத்துறை ஒப்புதலுக்குத் தேவைப்பட்டது ஒரு கணுக்கால் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏற்பாடு செய்திருக்கலாமே என்று என் கணவர் சொன்னார். மாமனார் அன்று அவரோடு சாப்பிடவில்லை.

ரோடு வேலை நடந்த காலம் முழுக்க மாமனார் குடையோடு அங்கேயே நின்றார். மேஸ்திரி என்று நினைத்து வடக்கத்தி ஆட்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். இடுக்கில் பாறைக்கு வெடி வைக்க வேண்டிவந்தபோதுதான் வேலை நின்றது. புங்கமரமும் வேலும் சிலுவையும் சரியாக ரோட்டின் நடுவில் இருந்தன. இஞ்சினியர் சின்ன வயதுக்காரர், சாமி விஷயம் என்றதும் பயந்துபோய் ஊரைக் கூட்டினார். எங்கள் பக்கம் பூசாரி முனியப்பனிடம் வாக்குக் கேட்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். உபதேசியார் கூட்டத்தின் கடைசியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் போய் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினார். திரும்பி வந்து இஞ்சினியரிடம், மறுபக்கப் பாறையைக் கொஞ்சம் உள்ளே குடைந்து இரண்டு பேருக்கும் இடம் விட்டால் போதும் என்றார். முனியப்பன் வாக்கும் அப்படியே வந்தது.

மறுநாள் உபதேசியார் சிலுவையைத் தன் கையாலேயே தோண்டி எடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். உதவிக்குப் போனவர்களை வேண்டாம் என்றுவிட்டார். சாமிகளுக்காகக் குடைந்ததில் அந்த வளைவு மட்டும் தாராளமாக அகன்றுவிட்டது. கணவாய் முழுக்க எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒதுங்க முடிகிற ஒரே இடம் இன்றைக்கும் அதுதான். வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்று இஞ்சினியர் ஒப்புக்கொண்டார்.

ரோடு மேலே வந்து ஊரைத் தொட்டபோது அடுத்த சிக்கல். பஸ் திரும்ப இடம் வேண்டும். ஊர் எல்லையில் ஒரு பக்கம் மாமனாரின் மாந்தோப்பு, மறுபக்கம் உபதேசியாரின் புளியந்தோப்பு. இரண்டில் ஒன்றில் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் போன இருவரும் அன்று வெவ்வேறு வழியாக வீடு திரும்பினார்கள்.

சாயங்காலம் மாமனார் தாளோடு வந்தார். புளியந்தோப்புப் பக்கம்தான் தரை மட்டமாக இருக்கிறது, மாமரங்களோ காய்க்கிற மரங்கள் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வழக்கமான இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"மாமா, எப்பவும் 'பொதுமக்கள் நலன் கருதி'ன்னு முடிப்போம். இதுலயும் போடட்டுங்களா?"

அவர் வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார். "அத மட்டும் விட்டுடு கண்ணு."

அவர் தோட்டத்துக்குப் போன பிறகு உபதேசியார் வந்தார். இவ்வளவு காலமும் என் கையெழுத்தில்தான் மனு போயிருக்கிறது, வேறு கையெழுத்தில் போனால் ஆபீஸில் சந்தேகப்படுவார்கள் என்று நியாயம் சொன்னார். மாந்தோப்புப் பக்கம்தான் தரை மட்டமாக இருக்கிறது, புளியமரங்களோ காய்க்கிற மரங்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன். பொதுமக்கள் நலன் வேண்டுமா என்று அவரிடமும் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நான் ஊருக்கு எழுத்தர். ஒரு தோப்புக்கு மட்டும் எழுத்தராக இருக்க முடியாது.

இருவரும் அந்தத் திங்கட்கிழமை ஒரே பஸ்ஸில், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்து போனார்கள். ஆபீஸில் இரண்டு மனுக்களையும் ஓர் அதிகாரியே வாங்கினார். ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியங்கள், மரத்தின் பெயர் மட்டும் வேறு. அவர் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து இரண்டையும் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். பிறகு இரண்டு தோப்பிலும் பாதிப் பாதி எடுக்கும்படி எழுதிவிட்டார். மாமரத்திலும் கொஞ்சம் போனது, புளியமரத்திலும் கொஞ்சம் போனது. வீட்டுக்கு வந்த மாமனார் என்னைத் திட்டவில்லை. இரண்டையும் நல்லாத்தான் எழுதியிருக்கறே என்று மட்டும் சொன்னார். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பஸ் வந்த நாளை மறக்க முடியாது. முதல் நாளே காலி பஸ்ஸை மேலே கொண்டுவந்து நிறுத்தி, வாழைமரம் கட்டினார்கள். ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு அடிவாரம் போக வேண்டும், அங்கே மேடை, பேச்சு எல்லாம். ரோட்டுக்காக அலைந்த இருவருக்கும் மாலை போட்டு முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்தார்கள். பஸ் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அது மலைக்கே தேடி வந்துவிட்ட சந்தோஷம். பின்னால் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

முதல் வளைவில் மாமனார் கம்பியைப் பிடித்தார். இரண்டாவதில் மாலையைக் கழற்றினார். அகன்ற வளைவு வருவதற்குள் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "நிறுத்துப்பா" என்றார். டிரைவர் நிறுத்துவதற்குள் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஆகிவிட்டது. தட்டையான ரோட்டில் தர்மபுரிக்கு எத்தனையோ முறை போய்வந்த மனிதருக்கு, தான் கேட்டு வாங்கிய ரோட்டின் வளைவு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் தண்ணீரோடு ஓடினேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, நீங்கள் போங்கள், நான் பாதையில் இறங்கி வருகிறேன் என்றார். விழா நாயகன் இல்லாமல் எப்படி என்று ஆட்கள் கெஞ்சினார்கள். அவர் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது உபதேசியார் எழுந்து, தன் மாலையையும் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார்.

"உனக்கென்னா, நீ போவ வேண்டியதுதானே," என்றார் மாமனார். அத்தனை மாதத்தில் உபதேசியாரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"எனக்கும் தல சுத்துது," என்றார் உபதேசியார்.

அவருக்குச் சுற்றவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய ஒற்றையடிப் பாதையில் இருவரும் முன்னும் பின்னுமாக இறங்கிப் போவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. சுற்றியிருந்தவர்கள் எனக்கும் வாந்தி வருகிறதென்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

பஸ் வளைந்து வளைந்து அடிவாரம் சேர்ந்தபோது அவர்கள் எங்களுக்கு முன்பே டீக்கடையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பலருக்கு நன்றி சொன்னார்கள். ரோட்டுக்காக ஓயாமல் உழைத்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத சிலருக்குச் சால்வை போர்த்தினார்கள். ரோட்டுக்குக் காரணமான அதிகாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமனார் பேச்சுகளைக் கவனமாகக் கேட்டார். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் உபதேசியாரோடு நடந்தே மேலே வந்தார். அதற்கப்புறம் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "பஸ் நல்லாத்தாங்க இருக்குது. ரோடுதான் சுத்துது. நான் அப்பவே சொன்னேன்."

ரோடு வந்ததும் பீரோ லாரியில் மேலே வந்தது. துணி வைத்தால் பிஸ்கட் வாசனை அடித்தது, எறும்பும் கூடவே வந்திருந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது, மீன்காரர் வந்தார், மைக்கில் கத்திக்கொண்டு வெங்காயக்காரர் வந்தார். சனி ஞாயிறுகளில் தர்மபுரியிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து, பாறை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வருகிறவர்களுக்குப் போட்ட ரோட்டில் போகிறவர்களும் போனார்கள். ஊரில் வேலை செய்கிற வயதிலிருந்த ஆண்களில் பாதிப்பேர் ஓசூர்க் கம்பெனிகளுக்குக் கிளம்பினார்கள். என் கணவரும் அதில் ஒருவர். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலப் பஸ்ஸில் போவார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கேட்ட ஒரே கேள்வி ஊருக்கு எப்படி வருவது என்பதுதான்; அன்றைக்குப் பஸ் இல்லை. பஸ் வந்த பிறகு வீட்டுக்காரர் இல்லை.

நான் ஸ்கூட்டர் வாங்கினேன். கணவாயிலேயே ஓட்டிப் பழகினேன். அங்கன்வாடி வேலையாக அடிக்கடி பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் போய்வர வேண்டியிருந்தது. மருமகள் வண்டியில் மாமனார் பின்னால் உட்காருவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். நான் கூப்பிட்டதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. அவர் பாட்டுக்குப் பாதையில் நடப்பார். வேறு யாரும் நடக்காததால் அதில் புதர் மண்டிவிட்டது. அதைச் சுத்தம் செய்யக் கேட்டு என்னை ஒரு மனு எழுதச் சொன்னார். தங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வசதி உள்ளதால் கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று இந்த முறை பதில் சீக்கிரமே வந்துவிட்டது. அரிவாளை எடுத்துக்கொண்டு அவரே போய் வெட்டினார்.

சென்ற வருடம் உபதேசியாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்து தர்மபுரிக்குக் கொண்டுபோனது. வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் மாமனார் பஸ் திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது வேட்டி மாற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முட்டி வலியால் அப்போதெல்லாம் அடிவாரம் வரை நடக்க அவருக்கு ஆகவில்லை.

"அவன ஒரு எட்டு பாத்துட்டு வரணும் கண்ணு."

நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். என் ஹேண்ட்பேக்கை எங்கள் நடுவில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஊர் பார்த்தது. வாந்தி வரும் என்று ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகப் போனேன். காற்று முகத்தில் அடித்ததாலோ, கவலையில் உடம்பின் நினைவே இல்லாமல் போனதாலோ, ஒன்றும் ஆகவில்லை. அகன்ற வளைவைத் தாண்டியதும், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றார்.

ஆஸ்பத்திரியில் உபதேசியார் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு உபதேசியார் எப்படி வந்தாய் என்று விசாரித்தார். ஸ்கூட்டரில் என்றதும், வாந்தி வந்ததா என்றார். இல்லை என்றார் இவர்.

"அப்ப நாம மனுவ மாத்திப் போட்டுட்டோம். பஸ்ஸு கேட்டதுக்கு ஸ்கூட்டரு கேட்டிருக்கலாம்."

நர்ஸ் வந்து சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று எங்களை வெளியே அனுப்பினார்.

உபதேசியார் பிழைத்து வந்துவிட்டார். இப்போது தோட்ட வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமனாருக்கும் முட்டி வலி விடவில்லை. சாயங்காலப் பஸ் வருகிற நேரத்துக்கு இருவரும் பஸ் திரும்புகிற இடத்துக்கு வந்துவிடுவார்கள். மாந்தோப்புப் பக்கம் ஒருவர், புளியந்தோப்புப் பக்கம் ஒருவர். டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது மாமனார் புளியமரம் பக்கமாகப் போகச் சொல்லிக் கை காட்டுவார். உபதேசியார் மாமரம் பக்கமாகக் கை காட்டுவார். போன வாரம் புதிதாக வந்த டிரைவர் ஒருவர் கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இஞ்சினை அணைத்து, ஜன்னலில் தலையை நீட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்:

"பெரியவங்களே, ரெண்டு பேரும் கொஞ்சம் கைய கீழ போட்டீங்கன்னா நானே திருப்பிக்குவேனுங்க."